அம்மா சுடாத முறுக்கு

மகனே, இதை எழுதுவது நான்தான். யாரையாவது பக்கத்தில் உட்கார வைத்து, நான் சொல்லச் சொல்ல அவர் எழுதிய கடிதம் இல்லை. கோயில் மண்டபத்துப் பின் அறையில் நடக்கும் சாயங்கால வகுப்புக்குப் போகிறேன் என்று சொன்னபோது, "இந்த வயசுல என்னாப்பா படிப்பு, முட்டி வலியோட" என்றாய். முட்டிக்கும் எழுத்துக்கும் சம்பந்தமில்லை என்று இப்போது தெரிந்துகொண்டேன். வலிப்பது கைதான். ஒரு வரி எழுதிவிட்டு எழுந்து போய்ப் பின்வாசலில் நின்று செம்பனை மரங்களைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு வருகிறேன். வந்து பார்த்தால் அந்த வரி வைத்த இடத்திலேயே இருக்கிறது. வாயால் சொன்னது எதுவும் எனக்காக இப்படிக் காத்திருந்ததில்லை. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வருகிறது. எழுத்துப் பிழைகளை மட்டும் டீச்சர் திருத்தித் தருவதாகச் சொல்லியிருக்கிறார். மற்றதைத் தொட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன்.

சந்தோஷமான செய்தி அவ்வளவுதான். மற்ற செய்தி இது. சுங்கைப் பட்டாணியில் உன் அம்மாவை வரைந்திருந்த சுவருக்கு வெள்ளை அடித்துவிட்டார்கள். அந்தச் சுவரை நீ போனில் பார்த்திருக்கிறாய். நேரில் பார்த்ததில்லை. இனிப் பார்க்கவும் முடியாது. தீபாவளி நெருங்கிவிட்டது. வருவாயா என்று கேட்க எனக்குத் துணிவில்லை. போன வருஷம் கேட்டதற்கு, "அம்மா இல்லாத வீட்டுக்கு வந்து என்னாப்பா செய்றது?" என்று சிங்கப்பூரிலிருந்து கேட்டாய். சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டுப் போனை வைத்துவிட்டேன். எனக்கு எப்போதுமே பதில் பிறகுதான் வரும். இந்தக் கடிதம் அந்தப் பதில். சுற்றி வளைத்துத்தான் வரும், பொறுத்துக்கொள்.

முதலில் படிப்பைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மனம் அதையே சுற்றும். மெர்போக்கிலிருந்து பஸ் ஏறினால் சுங்கைப் பட்டாணி டவுனில் இறங்கும் வரை கண்ணில் படும் தமிழ்ப் பலகைகளை எல்லாம் வாய்விட்டுப் படித்துக்கொண்டே போகிறேன். மலாய்ப் பலகைகள் இன்னும் வெறும் கோடுகள்தான். தமிழில் பூக்கடை, நகைக்கடை, ஜோசியர் வீடு. பக்கத்தில் உட்காருபவர்கள் கொஞ்சம் தள்ளி உட்காருகிறார்கள். நம் கோயில் வாசலில் செருப்பை இங்கே விடக் கூடாது என்று ஒரு பலகை இருக்கிறது. உன்னைக் கைபிடித்துக் கூட்டிப்போன காலத்திலிருந்து நாம் எல்லோரும் அதன் அடியில்தான் செருப்பை விட்டிருக்கிறோம். ஆனால் படிக்கத் தெரிந்ததில் ஒரு துக்கமும் இருக்கிறது. முன்பெல்லாம் கோப்பிக் கடையில் பத்திரிகையைப் புரட்டும்போது கறுப்புக் கட்டத்துக்குள் தெரிந்த முகம் இருந்தால், 'அட, நம்ம ஆள் பேப்பரில் வந்துவிட்டான்' என்று சந்தோஷப்பட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவேன். இப்போது முகத்துக்குக் கீழே இருப்பதையும் படிக்க வேண்டியிருக்கிறது. நம் தோட்டத்து லயத்து வரிசை வீடுகளில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக அந்தக் கட்டத்துக்குள் குடிபோகிறார்கள். உன் அம்மாவைத் தெரிந்தவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள்.

சரி, முறுக்குக்கு வருகிறேன். நீ பிறப்பதற்கு முன்னால் நடந்ததை அரைகுறையாகத்தான் கேட்டிருப்பாய். கல்யாணமாகி வந்த முதல் தீபாவளிக்கு உன் அம்மா முறுக்கு சுட்டாள். ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டுவதில் அவளுக்கு ஈடாக யாரும் இல்லை. ஆனால் முறுக்கு அவள் பேச்சைக் கேட்கவில்லை. அன்று பழைய கங்காணி வீட்டுக்கு வந்திருந்தார். ஒன்றை எடுத்துக் கடித்தார். இந்தப் பக்கம் கடித்தார், அந்தப் பக்கம் கடித்தார். பெரிய மனிதர், அதைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். வாசலில் குனிந்து செருப்பை மாட்டும்போது அது சிமெண்டுத் தரையில் விழுந்தது. விழுந்தது உடையவில்லை. உருண்டு போய்ப் படிக்கட்டில் மோதி நின்றது. கங்காணி அதைப் பார்த்தார், நான் கங்காணியைப் பார்த்தேன். உன் அம்மா சேலைத் தலைப்பை வாயில் வைத்து அடக்கப் பார்த்து, முடியாமல் சிரித்தாள். அவள் சிரித்தால் லயத்தின் கடைசி வீட்டில் தூங்கும் பிள்ளை எழுந்து அழும் என்பது உனக்குத் தெரியும். "ருசியெல்லாம் நல்லாத்தான் இருக்கும்மா, என் பல்லுதான் சரியில்ல" என்று சொல்லிவிட்டுக் கங்காணி போனார். அவர் போன பிறகும் அவள் நிறுத்தவில்லை. அந்த முறுக்கை எடுத்து மறுபடி மறுபடி தரையில் போட்டுப் பார்த்தாள்.

மறு வருஷம் பஸ் நிலையத்துக்குப் பின்னால் முறுக்கு சுட்டு விற்கும் அக்காவிடம் வாங்கி வந்து, நம் பிஸ்கட் டின்னில் கொட்டி வைத்தோம். அது என் யோசனை. ஆனால் வாசம் வேண்டுமே. லயத்தில் ஒரு வீட்டுக் குழம்பு எல்லா வீட்டுக்கும் தெரியும். அதற்கு உன் அம்மா யோசனை சொன்னாள். அடுப்பில் எண்ணெயைக் காயவைத்து, ஓமம் கலந்த மாவுத் துளியைப் போட்டுப் பொசுக்கினாள். நெற்றியில் மாவைப் பூசிக்கொண்டு வாசலில் போய் நின்று, "அப்பாடா, இடுப்பு ஒடிஞ்சு போச்சுலா" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள். அந்த வருஷம் நம் முறுக்குக்குக் கிடைத்த பேர் அப்புறம் போகவே இல்லை. பிறகு நீ பிறந்தாய், வளர்ந்தாய், எங்களுக்குக் கூட்டாளி ஆனாய். கடை முறுக்கு ஒரே அளவாக இருக்கும், காட்டிக்கொடுத்துவிடும் என்று ஓரங்களை அங்கங்கே உடைப்பது உன் வேலை. தட்டில் துணி மூடி வீடுவீடாகக் கொண்டுபோவதும் நீதான். ஒருமுறை பள்ளிக்கூடத்துப் பெரிய வாத்தியார் மனைவி உன்னை நிறுத்தி, "உங்கம்மா மாவுல என்னாடா போடுறாங்க?" என்று கேட்டார். வேலிக்கு இந்தப் பக்கம் நாங்கள் இரண்டு பேரும் நின்று கேட்டுக்கொண்டிருந்தோம். நீ கண்ணைக்கூடச் சிமிட்டாமல், "எங்கம்மா தேங்காய்ப்பால் ஊத்திப் பிசைவாங்க டீச்சர்" என்றாய். வீட்டுக்கு வந்ததும் உன் அம்மா உன்னைத் தூக்கிச் சுற்றினாள். மூன்று பேரும் தரையில் உருண்டு சிரித்தோம். அந்த வருஷத்துக்குப் பிறகு நான் அப்படிச் சிரித்ததாக ஞாபகமில்லை.

சரி, அவள் தீபாவளிக்கு என்னதான் செய்தாள்? தூங்கினாள். விடியுமுன்னே பேர் கூப்பிடும் பெரட்டுக்கு வருஷம் முழுக்க எழுந்து ஓடியவள் அவள். தீபாவளி அன்று பெரட்டு கிடையாது. எண்ணெய் தேய்த்துக் குளிப்பாள், சாமி கும்பிடுவாள், இட்லி சாப்பிடுவாள், உள் அறையில் பாயை விரித்துப் படுத்துவிடுவாள். "சாமியே வந்து கதவத் தட்டுனாலும் எழுப்பாதீங்க" என்பாள். வந்தவர்களுக்குக் கலர் தண்ணீர் கலக்கிக் கொடுப்பதும், "அவ சமையல்கட்டுல வேலையா இருக்கா" என்று சொல்வதும் நான்தான். உள்ளே குறட்டை கேட்கும். நீ வானொலியைச் சத்தமாக வைப்பாய். மத்தியானத்துக்கு மேல், பேச்சுச் சத்தம் பொறுக்காமல் கன்னத்தில் பாய்க்கோடு பதிய எழுந்து வந்து, வந்திருப்பவர்களை ஒரு முறை முறைத்துப் பார்ப்பாள். அவர்கள் யார் என்று அவளுக்குத் தெளிய ஒரு நிமிஷம் ஆகும். தெளிந்ததும், "ஐயையோ வாங்க வாங்க, எப்ப வந்தீங்க" என்று முகம் மலரும். முறைப்புக்கும் மலர்ச்சிக்கும் நடுவே இருக்கும் அந்த ஒரு நிமிஷத்து முகத்தை வருஷத்தில் அன்று மட்டும்தான் பார்க்கலாம். எனக்குத் தீபாவளி என்றால் அதுதான்.

மறுநாள் கோத்தா கோலா மூடாவுக்குப் போவோம். ஆற்று முகத்தில் அந்த மீன் சந்தை உனக்கு மறந்திருக்காது. படகிலிருந்து கூடை இறங்கியதும் சுற்றி நிற்பவர்கள் யாரும் விலையைச் சத்தமாகச் சொல்ல மாட்டார்கள். ஒவ்வொருவராகக் குனிந்து மீன்காரர் காதில் குசுகுசுவென்று சொல்வார்கள். அவருக்குப் பிடித்த விலையைச் சொன்னவருக்குக் கூடை போகும். வேடிக்கை பார்க்கத்தான் போவோம். மெதுவாகப் பேசவே தெரியாத உன் அம்மாவுக்கு உலகத்திலேயே பிடித்த இடம் அது. ஒரு தரம், நீ பள்ளிக்கூடம் சேர்ந்த சமயம், கூடைக்குப் பக்கத்தில் குந்தியிருந்த ஒரு மலாய்க்காரப் பெரியவர் காதருகே குனிந்து அவளும் ஏதோ சொன்னாள். அவர் திகைத்துப் பார்த்தார். பிறகு தோள் குலுங்கச் சிரித்து, கூடைக்குள் கைவிட்டு ஒரு பாறை மீனை எடுத்து அவள் கையில் கொடுத்துவிட்டார். உன் தலையும் அவர் தலையும் ஒரே உயரத்தில் இருந்தன. நீயும் சிரித்தாய். அவள் உன் வாயில் விரலை வைத்து அழுத்தினாள். என்ன சொன்னாய் என்று வீடு வரும்வரை கேட்டேன். "அது எனக்கும் அந்த பாக்சிக்குக்கும் உள்ளது, உங்களுக்கு எதுக்கு?" என்றாள். உன்னைக் கேட்டேன். "அம்மாகிட்ட சத்தியம் பண்ணிட்டேன்" என்றாய்.

அவள் போனபோது நோய் பரவுகிறது என்று எல்லையைப் பூட்டி வைத்திருந்தார்கள். நீ வராதது உன் தப்பில்லை. இதைப் போனில் பலமுறை சொன்னேன், நீ கேட்டதாகத் தெரியவில்லை. ஆகவே எழுதி வைக்கிறேன், எழுதினால் அங்கேயே இருக்கும். உன் தப்பில்லை. அவளை எடுத்தபோது பக்கத்து வீட்டுச் சரோஜாவின் புருஷன் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றான். அந்தச் சின்னக் கண்ணாடிக்குள் நீ இருந்தாய். அவன் கை வலித்து மாற்றும்போதெல்லாம் நீ தலைகீழானாய். அதைப் பார்த்திருந்தால் அவள் சிரித்திருப்பாள் என்று எனக்குத் தோன்றியது. அந்த வேளையில் அப்படித் தோன்றியதற்காக என்னையே வெறுத்தேன். சாம்பலைக் கோலா மூடாவில்தான் கரைத்தோம். மீன் சந்தை மூடிக் கிடந்தது. குசுகுசுக்கக்கூட ஆள் இல்லை. துக்க வீட்டில் ஒரு வருஷம் பண்டிகை கிடையாது, அடுப்பில் எண்ணெய்ச் சட்டி வைக்கக் கூடாது என்பது உனக்குத் தெரியும். அந்தத் தீபாவளிக்கு எல்லா வீட்டிலிருந்தும் தட்டுகள் வந்தன. எல்லாத் தட்டிலும் நிஜமாகச் சுட்ட முறுக்கு. அருமையாக இருந்தது. ஏமாற்ற ஒன்றும் இல்லாத முதல் தீபாவளி. அவ்வளவு பாழான ஒரு நாளை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

மறு வருஷம் ஒரு சீனப் பெண் வீட்டு வாசலில் வந்து நின்றாள். சின்ன வயது, கையெல்லாம் பெயிண்டு. டவுனில் கடைச் சந்து ஒன்றில் பண்டிகைப் பலகாரம் செய்யும் மூன்று அம்மாக்களை வரையப்போகிறார்களாம். டோடோல் கிண்டும் மலாய்க்கார அம்மா, அச்சில் மெல்லிய பலகாரம் சுடும் சீன அம்மா, முறுக்கு பிழியும் தமிழ் அம்மா. நிஜமான ஆட்களின் முகமாக இருக்க வேண்டும் என்று விசாரித்திருக்கிறாள். கோயிலில் எல்லோரும் ஒரே வாயாக உன் அம்மா பேரை எடுத்து, "முறுக்குன்னா பாக்கியம் முறுக்குதான்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். நாம் மூன்று பேரும் சொன்ன பொய் அத்தனை தூரம் நடந்து, எனக்கு முன்னால் வந்து உட்கார்ந்து தண்ணீர் கேட்டது. உண்மை என் வாய் வரை வந்தது. நாங்கள் மலாயில் பேசிக்கொண்டிருந்தோம். "ரொம்ப வருஷமா சுட்டாங்களா அங்கிள்?" என்று கேட்டாள். உன் அம்மா முகம் பெரிதாகச் சுவரில் வரும் என்று நினைத்தேன். "ரொம்ப வருஷமா" என்றேன்.

உன் அம்மா படம் எடுக்கவே விடமாட்டாள். முகம் தெளிவாக இருந்தது அடையாள அட்டையில் மட்டும்தான். அட்டைக்குப் படம் பிடிக்கப் போன அன்று, வரிசையில் அவளை வெயிலில் நிற்க வைத்துவிட்டு நான் குடையோடு டீ குடிக்கப் போய்விட்டேன். ஆகவே அட்டையில் அவள் முறைப்பது என்னைத்தான். அந்த முறைப்பை அப்படியே எடுத்துச் சுவரில் போட்டு, ஜரிகைச் சேலை கட்டி, கை நிறைய வளையல் மாட்டி, ஒரு கையில் முறுக்குக் குழலையும் மறு கையில் முறுக்கையும் கொடுத்துவிட்டாள் அந்தப் பெண். நல்ல வேலைக்காரி, ஒரு தப்பும் சொல்ல முடியாது. கலையைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? ஆனால் தினமும் ஒரு படத்தின் எதிரில் உட்கார்ந்து டீ குடித்தால் ஏதாவது தோன்றத்தானே செய்யும். நான் பார்த்த படங்களில் எல்லாம் அம்மாக்கள் எதையாவது செய்துகொண்டே இருக்கிறார்கள். பிழிகிறார்கள், கிண்டுகிறார்கள், குடம் தூக்குகிறார்கள், பிள்ளையைத் தூக்குகிறார்கள். பாய் விரித்துத் தூங்கும் அம்மாவை யாரும் சுவரில் வரைவதில்லை. அந்தச் சேலையை அவள் பார்த்திருந்தால் முதலில் கேட்டிருப்பாள், "இது யாரு எடுத்துக் குடுத்தா?" என்று.

ஆமாம், தினமும்தான் போனேன். பஸ் ஏறும்போதெல்லாம் சரோஜா வாசலிலிருந்து கூப்பிடுவாள். "என்னா மாமா, காலையிலயே கெளம்பிட்டீங்க? அத்த என்னா ஓடியா போயிடப் போறாங்க?" என்பாள். லீவு நாட்களில் அங்கே நிற்க இடம் கிடைக்காது. குடும்பம் குடும்பமாக வந்து உன் அம்மாவின் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். அவள் நீட்டும் முறுக்கைக் கடிப்பதுபோல் வாயைத் திறந்து நிற்பார்கள். கடித்திருந்தால் தெரிந்திருக்கும். படத்துக்குக் கீழே ஒரு வரி எழுதியிருந்தது. என்னவென்று கேட்டேன். பூக்கடைக்காரர் அது தீபாவளி வாழ்த்து என்றார். சரோஜா புருஷன், "அம்மான்னா அன்புன்னு போட்டிருக்கு மாமா" என்றான். யாருமே சுவரைப் பார்த்துவிட்டுச் சொல்லவில்லை. அதனால்தான் நான் வகுப்பில் போய் உட்கார்ந்தேன். பத்திரிகைக்காக இல்லை, பலகைகளுக்காக இல்லை. மழைக்காலம் முடிந்து ஒரு காலையில் சுவருக்குப் பக்கத்தில் போய், விரலை வைத்து, எழுத்துக் கூட்டினேன். 'அம்மாவின் கைமணம்.' நான் வாழ்க்கையில் முழுதாகப் படித்து முடித்த முதல் வரி, மகனே, அதுவும் பொய். நடுச்சந்தில் நின்று சிரித்தேன். சிரித்துக்கொண்டே வழக்கம்போல் பக்கத்தில் திரும்பினேன். ஒரு மோட்டார் ஹாரன் அடித்துக்கொண்டு போனது.

அன்றைக்கே உனக்குப் போன் செய்தேன். பாப்பா எடுத்தாள். சுவர்ப் படத்தை நீ அவளுக்குக் காட்டியிருக்கிறாய். "தாத்தா, பாட்டி முறுக்கு நல்லா செய்வாங்களா?" என்று கேட்டாள். நான் உன்னைக் கேட்கச் சொன்னேன். உன் குரல் உள்ளேயிருந்து கேட்டது. "ஆமாடா. பாட்டி தேங்காய்ப்பால் ஊத்திப் பிசைவாங்க." நான் காத்திருந்தேன். இப்போது சிரிப்பான், இப்போது சிரிப்பான் என்று போனைக் காதில் அழுத்திக்கொண்டு நின்றேன். நீ சிரிக்கவில்லை. கோயிலில் பேசுவதுபோல் பேசினாய். ஒன்று, நீ மறந்துவிட்டாய். அல்லது, துக்கத்தில் அவளை அந்தச் சுவர்ப் படம்போல ஆக்கிக்கொண்டுவிட்டாய். இரண்டில் எது என்று கேட்க எனக்குப் பயமாக இருந்தது. சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். அவள் போன அன்றுகூட அவள் முழுவதும் போய்விட்டதாக எனக்குத் தோன்றவில்லை. அன்று தோன்றியது.

இனிச் சுவர். கடை கை மாறிவிட்டது. புது ஆள் போன் கடை வைக்கப்போகிறாராம், விளம்பரம் ஒட்ட வெள்ளைச் சுவர் வேண்டுமாம். அவரைக் குறை சொல்ல முடியாது, சுவர் அவருடையது. எதிர்க்கடையில் உட்கார்ந்து பார்த்தேன். பெயிண்டடித்தது ஒரு வங்காளதேசத்துப் பையன். இடது பக்கம் மலாய்க்கார அம்மா முதலில் போனாள், பிறகு சீன அம்மா. என்னவளிடம் வந்ததும் கீழேயிருந்து தொடங்கினான். எழுத்து போனது. ஜரிகைச் சேலை போனது, வருத்தமில்லை. வளையல்கள், முறுக்கு, குழல் எல்லாம் போயின. கழுத்து வரை வந்ததும் அவன் உருளையை வாளியில் போட்டுவிட்டுச் சாப்பிடப் போய்விட்டான்.

அப்போதுதான் பார்த்தேன். வெள்ளைச் சுவரில் அவள் முகம் மட்டும் தனியாக இருந்தது. கையில் வேலை இல்லை, உடம்பில் நகை இல்லை. கழுத்து வரை வெள்ளைப் போர்வை போர்த்திப் படுத்திருந்தவளை யாரோ எழுப்பிவிட்டதுபோல் முறைத்துக்கொண்டிருந்தாள். தீபாவளி மத்தியானத்து முகம். அந்தச் சுவரில் இருந்த காலமெல்லாம் அவள் அவளாக இருந்தது அந்தப் பையன் சோறு தின்று முடிக்கும் வரைதான். இன்னும் ஒரு நிமிஷம் போனால் தெளிந்து, 'வாங்க வாங்க, எப்ப வந்தீங்க' என்று மலர்ந்துவிடும் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். படம் எடுக்கத் தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும் எனக்கு எடுக்கத் தெரியாது. யாரிடமாவது காட்ட வேண்டும்போல் இருந்தது. டீ போடுபவரைக் கூப்பிட்டு, "அங்க பாருங்க" என்றேன். "ஆமா அங்கிள், பாதி அடிச்சுட்டான்" என்றார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. அவருக்கு அது பாதி அடித்த சுவர். அந்த முகம் எந்த முகம் என்று தெரிந்தவன் உலகத்தில் என்னைத் தவிர ஒருவன்தான் இருக்கிறான், அவன் சிங்கப்பூரில் இருக்கிறான். பையன் கையைத் துடைத்துக்கொண்டு வந்தான். நான் டீக்கிளாஸைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தபோது சுவர் மட்டும் இருந்தது.

டீச்சர் இதுவரை எழுதியதைப் படித்துப் பிழை திருத்திவிட்டார். முறுக்குக் கதைக்குச் சிரித்தார். நல்ல மனுஷி, ஆனால் அது அந்தச் சிரிப்பு இல்லை. அவர் உன் அம்மாவைப் பார்த்ததில்லை. கதை தெரிந்தால் மட்டும் போதாது என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. கூட இருந்திருக்க வேண்டும்.

உனக்குப் புத்தி சொல்லும் அளவுக்கு எனக்கு ஒன்றும் தெரியாது. இரண்டொன்றைச் சொல்லி வைக்கிறேன். பாப்பாவிடம் உண்மையைச் சொல்லிவிடு. பாட்டி முறுக்கு சுட மாட்டாள், தூங்குவாள், குறட்டை விடுவாள், கத்திச் சிரிப்பாள் என்று சொல். செத்துப்போனவர்களை நல்லவர்களாக்கி வைப்பது நாம் அவர்களை இன்னொரு முறை எரிப்பது மாதிரி. அவள் நல்லவள்தான், ஆனால் அந்த மாதிரி நல்லவள் இல்லை. அப்புறம், உன் வீட்டில் தூங்குபவர்களைத் தூங்க விடு. பண்டிகை என்றால் அதற்குத்தான்.

நேற்று பஸ் நிலையத்துக்குப் பின்னால் போனேன். அந்த அக்கா இல்லை, அவர் மகள்தான் இப்போது சுடுகிறாள். வாங்கி வந்து டின்னில் கொட்டினேன். எண்ணெயைக் காயவைத்து மாவைப் பொசுக்கினேன். கண்ணெல்லாம் எரிந்தது, உன் அம்மா எப்படித்தான் செய்தாளோ. ஓரங்களை உடைத்தேன், அது உன் வேலை, எனக்குச் சரியாக வரவில்லை. வாசம் பிடித்துச் சரோஜா வந்துவிட்டாள். ஒன்றைக் கடித்துவிட்டு, "அத்த கைமணம் அப்படியே இருக்கு மாமா. அவங்ககிட்ட கத்துக்கிட்டதா?" என்றாள். "ஆமா. தேங்காய்ப்பால் ஊத்திப் பிசையணும்" என்றேன். அவள் தலையாட்டிக்கொண்டு போனாள். நான் வீட்டுக்குள் திரும்பினேன். உள் அறையில் பாய் சுருட்டி வைத்தது வைத்தபடி இருந்தது. டின் மேசைமேல் இருந்தது. இத்தனை பெரிய பொய்யைச் சொல்லிவிட்டு ஒரு மனிதன் தனியாக நின்றுகொண்டிருப்பது, மகனே, சொல்லத் தெரியவில்லை.

அம்மா இல்லாத வீட்டுக்கு வந்து என்ன செய்வது என்று கேட்டாய். நீ வந்தால் அவள் கொஞ்சம் இருப்பாள். பாதி என்னிடம் இருக்கிறது, பாதி உன்னிடம் இருக்கிறது. நீ வருவாய் என்ற நம்பிக்கையில் இதை எழுதவில்லை. நம்பிக்கை எல்லாம் சுவரோடு போய்விட்டது. ஆனாலும் கேட்க ஒன்று பாக்கி இருக்கிறது. அன்று மீன் சந்தையில் அந்தப் பெரியவர் காதில் அவள் என்ன சொன்னாள்? அவளிடம் செய்த சத்தியம் இனி உன்னைக் கட்டாது என்று நினைக்கிறேன். போனில் சொல்லாதே, போனில் எனக்குச் சரியாகக் காது கேட்பதில்லை. எழுதியும் அனுப்பாதே. எழுதினால் இப்போது நான் படித்துவிடுவேன், படித்தால் முடிந்துவிடும். அங்கே எப்படிச் சொல்வார்களோ அப்படியே பக்கத்தில் வந்து, குனிந்து, என் காதில் சொல்.